நாய்ப் பயிற்சி நிகழ்ச்சிகள்: எதைப் பார்த்துச் செய்யலாம், எதைப் பார்ப்பதோடு நிறுத்தலாம்

வளர்க்கும் நாய் வீட்டுக்கு வருபவர்களைக் கண்டால் ஓயாமல் குரைக்கிறது, உலாவக் கூட்டிப்போனால் ஆளையே இழுத்துக்கொண்டு ஓடுகிறது, உணவுக் கிண்ணத்தின் அருகே போனால் உறுமுகிறது என்று ஒரு சிக்கல் முளைத்ததும், பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது கால்நடை மருத்துவர் அல்ல. தொலைக்காட்சியில் பார்த்த பயிற்சியாளர் ஒருவர்தான். அந்த நிலையில் இருப்பவர் முன் மூன்று வழிகள் உள்ளன. நாயை அடக்கி ஆளவேண்டும் என்று சொல்லும் கண்டிப்பு வகை நிகழ்ச்சிகளைப் பார்த்து அதன்படி செய்யலாம். தின்பண்டமும் பாராட்டும் கொடுத்துப் பழக்கும் வகை நிகழ்ச்சிகளைப் பார்த்துச் செய்யலாம். அல்லது தொலைக்காட்சியை அணைத்துவிட்டு நேரில் ஒருவருடைய உதவியைத் தேடலாம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் வழி ஆபத்தானது, இரண்டாவது வழி பாதி தூரம் மட்டும் உதவும், மூன்றாவது வழியிலும் ஆளைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கவேண்டும். திரையில் வரும் இரு வகைகளுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு: நாய் மாறுவதற்கு எத்தனை நாள் ஆகும் என்பதை இரண்டுமே மறைத்துவிடுகின்றன.

இந்த வகை நிகழ்ச்சிகள் புதியவை அல்ல. 1980இல் பிபிசி ஒளிபரப்பிய தொடரின் மூலம், எழுபது வயதை எட்டியிருந்த பார்பரா வுட்ஹவுஸ் பிரிட்டன் முழுவதும் தெரிந்த முகமானார். ஓங்கிய குரலும், கழுத்தை இறுக்கும் சங்கிலியைச் சட்டென்று சுண்டி இழுக்கும் பழக்கமும் அவருடைய அடையாளங்கள். ஆனால் இன்றைய விவாதம் சூடுபிடித்தது, நேஷனல் ஜியாக்ரபிக் அலைவரிசையில் 2004 முதல் 2012 வரை ஓடிய, சீசர் மில்லனின் ‘டாக் விஸ்பரர்’ நிகழ்ச்சியால்தான். அதற்கு எதிர்முனையில் 2005இல் பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சியில் விக்டோரியா ஸ்டில்வெல் நடத்திய ‘இட்ஸ் மீ ஆர் த டாக்’ தொடங்கியது. முதலாமவர் நாய்க்குத் தலைவராக இருக்கச் சொன்னார். இரண்டாமவர், நாய் எதைச் செய்தால் அதற்கு நன்மை கிடைக்கும் என்பதைப் புரியவைக்கச் சொன்னார்.

மில்லனைக் குறைசொல்பவர்கள் பலரும் அவர் செய்த நல்லதை மறந்துவிடுகிறார்கள். நாய்க்கு முதலில் உடற்பயிற்சி, பிறகு ஒழுங்கு, அதன்பின் அன்பு என்று அவர் விடாமல் சொன்ன வரிசையில், முதல் சொல் ஒன்றே பல வீடுகளின் சிக்கலைப் பாதியாகக் குறைத்துவிடக்கூடியது. நாளெல்லாம் அடைத்து வைக்கப்பட்டு, பத்து நிமிடம் மட்டும் வெளியே வரும் இளம் நாய் கதவைச் சுரண்டுவதும் நாற்காலிக் காலைக் கடிப்பதும் குணக்கேடு அல்ல, தேங்கிய சக்தி. ‘நாயைத் திருத்துவதற்கு முன் வளர்ப்பவரைத் திருத்தவேண்டும்’ என்ற எண்ணத்தைப் பரவலாக்கியவரும் அவர்தான். பிட்புல் என்றாலே கொலைகார நாய் என்று ஒதுக்கியவர்களுக்கு, அந்த இனத்து நாய்கள் மற்ற நாய்களோடு கூட்டமாகச் சாதுவாக நடந்துபோவதைக் காட்டியதையும் அவர் கணக்கில் வரவு வைக்கவேண்டும்.

சிக்கல் இருப்பது ‘ஒழுங்கு’ என்ற இரண்டாவது சொல்லில். நாய் என்பது ஓநாய்க் கூட்டத்தின் வழிவந்த விலங்கு, கூட்டத்துக்கு ஒரு தலைவன் உண்டு, நீங்கள் தலைவனாக இல்லாவிட்டால் நாய் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்ற கருத்தின் மேல்தான் கண்டிப்பு வகை நிகழ்ச்சிகள் முழுவதும் கட்டப்பட்டிருக்கின்றன. இந்தக் கருத்தின் வேர் 1947இல் ருடால்ஃப் ஷெங்கல் என்ற விலங்கு ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வில் இருக்கிறது. அவர் பார்த்தவை காட்டு ஓநாய்கள் அல்ல. தப்பி ஓட வழியில்லாமல் ஒரே அடைப்பில் சேர்த்து வைக்கப்பட்டிருந்தவை. 1970இல் வெளிவந்த தம் நூலில் இந்த ‘ஆல்ஃபா’ (கூட்டத் தலைவன்) கருத்தைப் பரப்பிய டேவிட் மெக் என்ற ஓநாய் ஆய்வாளர், பின்னர் கனடாவின் வட கோடியில் உள்ள எல்ஸ்மியர் தீவில் 13 கோடைகாலங்கள் காட்டு ஓநாய்களோடு இருந்து பார்த்துவிட்டு, 1999இல் வேறு விதமாக எழுதினார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தந்தை, அவற்றின் குட்டிகள் அடங்கிய குடும்பம். ‘தலைவன்’ என்று நாம் நினைத்தது சண்டையில் வென்ற வீரனை அல்ல, பெற்றோரை. கருத்தைப் பரப்பியவரே அதைக் கைவிட்டு ஐந்து ஆண்டுகள் கழிந்த பிறகுதான் அது தொலைக்காட்சி வழியே உலகெங்கும் வீடுகளுக்குள் நுழைந்தது என்பது எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது. மேலும், ஓநாய் எப்படி வாழ்ந்தாலும், மனிதரோடு பல்லாயிரம் ஆண்டுகள் வாழ்ந்த நாய் தன்னை வளர்ப்பவரை இன்னொரு நாயாக எண்ணிப் பதவிப்போட்டி நடத்துகிறது என்று கொள்ள அதில் ஆதாரம் எதுவும் இல்லை.

கருத்து தவறானாலும் செய்முறை பலிக்கிறதே என்று கேட்கலாம். அதற்கு, மில்லனின் நிகழ்ச்சியின் கடைசிப் பருவத்தில், 2012இல் வந்த ஒரு காட்சியைக் கூர்ந்து பார்க்கலாம். ஹாலி என்ற வெளிர்மஞ்சள் லாப்ரடார், உணவுக் கிண்ணத்தை யாரையும் நெருங்கவிடாத நாய். மில்லன் அதன் எதிரே நின்று கிண்ணத்தின் மேல் உரிமை கொண்டாடுகிறார். நாயின் உடல் விறைக்கிறது, தலை தாழ்கிறது, உதடு சுருங்கிப் பற்கள் தெரிகின்றன. பிறகு பின்வாங்கி, பார்வையை விலக்கி, உதட்டை நக்குகிறது. மோதல் முடிந்தது என்று எண்ணி அவர் அதன் முகத்தருகே கையை நீட்டியதும் அது கையைக் கவ்விவிடுகிறது. அடங்கிவிட்டது என்று அவர் படித்த அறிகுறிகள் அனைத்தும், ‘எனக்கு இடம் கொடு’ என்று நாய் கெஞ்சிய அறிகுறிகள். இத்தனை ஆண்டு அனுபவமும் வேகமான கையும் உள்ளவருக்கே இது நேர்ந்தது என்றால், வீட்டில் அதைப் பார்த்துச் செய்பவருக்கு, அதிலும் முகம் நாயின் முகத்துக்கு நேராக இருக்கும் உயரமுள்ள குழந்தைக்கு, என்ன நேரும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இது ஒரு நாயின் கதை மட்டும் அல்ல. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கால்நடை ஆய்வாளர்கள், நடத்தைச் சிக்கலுக்காகத் தங்களிடம் வந்த நாய்களின் வளர்ப்பாளர்கள் 140 பேரிடம், அதற்கு முன் என்னென்ன செய்து பார்த்தீர்கள், நாய் எப்படி எதிர்கொண்டது என்று கேட்டு 2009இல் வெளியிட்டார்கள். அடித்த அல்லது உதைத்த வீடுகளில் 43 விழுக்காட்டு நாய்கள் எதிர்த்துச் சீறின. நாயைப் பார்த்துத் தாமும் உறுமியவர்கள் வீட்டில் 41 விழுக்காடு. வாயில் கவ்வியதைப் பலவந்தமாகப் பிடுங்கியபோது 39 விழுக்காடு. மல்லாக்கப் புரட்டிப் பிடித்தபோது 31 விழுக்காடு. வெறுமனே முறைத்துப் பார்த்ததற்கே 30 விழுக்காடு. இவை ஏற்கெனவே சிக்கலுள்ள நாய்கள் என்பதை நினைவில் கொள்ளவேண்டும். ஆனால் தொலைக்காட்சியைப் பார்த்து வைத்தியம் செய்ய முனைபவர் கையில் இருப்பதும் அதே வகை நாய்தான். 2006இலேயே அமெரிக்கன் ஹியூமேன் என்ற விலங்கு நல அமைப்பு மில்லனின் நிகழ்ச்சியை நிறுத்துமாறு அலைவரிசையைக் கேட்டுக்கொண்டது. 2008இல் அமெரிக்காவின் விலங்கு நடத்தைக் கால்நடை மருத்துவர் சங்கம், ஆதிக்கக் கருத்தை வைத்து நாய்களைத் திருத்த முயல்வதற்கு எதிராக அறிக்கை வெளியிட்டது. நிகழ்ச்சியும், வல்லுநரைக் கேட்காமல் இவற்றைச் செய்து பார்க்காதீர்கள் என்று திரையில் எழுத்து ஓடவிட்டது. செய்து பார்க்கக்கூடாத ஒன்றை வாராவாரம் செய்து காட்டியதன் பயன் என்ன என்ற கேள்விக்கு அந்த எழுத்தில் விடை இல்லை.

செய்து பார்த்தவர்களில் நானும் ஒருவன். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் இருந்த இரண்டு வயதுக் கலப்பின நாய், தின்னும்போது யாராவது அருகே வந்தால் மெல்லிய குரலில் உறுமும். திரையில் பார்த்தபடி நிமிர்ந்து நின்று, நாக்கை மேலண்ணத்தில் வைத்து ‘ட்ஷ்’ என்று ஓசை எழுப்பி, விரல் நுனிகளால் அதன் கழுத்தின் பக்கவாட்டில் குத்தினேன். நான்காம் நாள் உறுமல் நின்றுவிட்டது. பார்த்தவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். சில வாரங்கள் கழித்து, வீட்டுக்கு வந்திருந்த உறவினர் பையன் கிண்ணத்தருகே விழுந்த பந்தை எடுக்கக் குனிந்தான். உறுமல் இல்லை, பல்லைக் காட்டவில்லை, ஒரே பாய்ச்சல். நல்லவேளையாகச் சட்டைக் கையின் துணிதான் கிழிந்தது. நான் அழித்தது நாயின் பயத்தை அல்ல, பயம் வந்தால் அது கொடுத்துவந்த முன்னறிவிப்பை என்பது எனக்கு அதன்பிறகுதான் விளங்கியது.

கண்டிப்பு வகை நிகழ்ச்சிகளின் இறுதிக் காட்சியில் வரும் ‘அமைதியான’ நாயையும் இந்த ஐயத்தோடுதான் பார்க்கவேண்டும். 1967இல் செலிக்மன், மையர் ஆகிய உளவியலாளர்கள் இருவரும் நாய்களை வைத்துச் செய்த சோதனையில், தப்ப முடியாத மின்னதிர்வுக்கு ஆளான நாய்களில் பல, பிறகு எளிதாகத் தப்பக்கூடிய இடத்தில் விடப்பட்டபோதும் எழுந்து போகாமல் படுத்தே கிடந்தன. எதைச் செய்தும் பயனில்லை என்று ஓய்ந்துவிட்ட நாயும், மனம் அடங்கி இளைப்பாறும் நாயும் படத்தில் ஒன்றுபோலத் தோன்றலாம். வால் தொடைக்கு நடுவே இடுங்கியிருக்கிறதா, காதுகள் பின்னால் ஒட்டியிருக்கின்றனவா, வாய் இறுக மூடியிருக்கிறதா, கண்ணின் வெள்ளை ஓரத்தில் பிறையாகத் தெரிகிறதா என்று பார்த்தால் வேறுபாடு தெரியும். ஆனால் அந்த நேரத்தில் பின்னணி இசை உயர்ந்து, வளர்ப்பாளர் கண் கலங்கி நன்றி சொல்வதால், நாயை யாரும் பார்ப்பதில்லை.

வெகுமதி வகை நிகழ்ச்சிகள் இந்த ஆபத்திலிருந்து நம்மைக் காப்பாற்றுகின்றன. 2020இல் போர்ச்சுகலைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 92 நாய்களை ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வில், தண்டனை கலந்து பழக்கும் பள்ளிகளின் நாய்கள், வெகுமதியால் பழக்கும் பள்ளிகளின் நாய்களைவிடப் பயிற்சி நேரத்தில் அதிகமாகக் கொட்டாவி விட்டன, உதட்டை நக்கின. பயிற்சிக்குப் பின் அவற்றின் உமிழ்நீரில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனும் கூடியிருந்தது. உணவு இருக்குமா இருக்காதா என்று உறுதியாகத் தெரியாத இடத்தில் வைத்த கிண்ணத்தை நோக்கி, கடுமையான தண்டனைக்குப் பழகிய நாய்கள் தயங்கித் தயங்கியே போயின. இனிய முறையில் பழக்குவதை வெறும் செல்லம் என்று எள்ளுபவர்கள் இந்த ஆய்வை ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

ஆனாலும் இந்த நல்ல நிகழ்ச்சிகளும் ஏமாற்றுகின்றன. பொய் சொல்லி அல்ல, சுருக்கிக் காட்டி. ஒரு மணி நேர நிகழ்ச்சியில் விளம்பரம் போக எஞ்சுவது நாற்பது சொச்சம் நிமிடம். அதற்குள் குடும்பத்தை அறிமுகப்படுத்தி, நாயின் அட்டகாசத்தைக் காட்டி, பயிற்சியாளர் தலையில் அடித்துக்கொள்வதையும் காட்டி, திருத்தியும் முடிக்கவேண்டும். உண்மையில் நடப்பது வேறு. வேறு நாயைக் கண்டால் பாயும் ஒரு நாயை, பாயத் தோன்றாத தூரத்தில் நிறுத்தி, எதிரே நாய் தென்படும்போதெல்லாம் வாயில் தின்பண்டம் விழும் என்று பழக்கி, தூரத்தை அடி அடியாகக் குறைப்பதுதான் செய்முறை. ஒருநாள் அவசரப்பட்டு இரண்டு அடி கூடுதலாக நெருங்கிவிட்டால் ஒரு வார உழைப்பு வீணாகும். இந்தத் திரும்பத் திரும்பச் செய்யும் சலிப்பைப் படமாக்கினால் யாரும் பார்க்கமாட்டார்கள், ஆகவே வெட்டிவிடுகிறார்கள். பார்ப்பவரோ, மூன்றாம் நாளும் நாய் பாய்வதைக் கண்டு, ‘பிஸ்கட் வைத்தியம் பலிக்கவில்லை’ என்று முடிவுகட்டி, சங்கிலியைச் சுண்டத் தொடங்கிவிடுகிறார். இப்படி, மென்மையான நிகழ்ச்சியைப் பார்த்தவர்களே கண்டிப்பு முகாமுக்குப் போய்ச்சேர்வதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

கவனம் ஈர்க்கக் குரைக்கும் நாயைக் கண்டுகொள்ளாமல் விடுங்கள் என்ற அறிவுரையும் இப்படிப்பட்டதுதான். அறிவுரை சரியானதே. ஆனால் இதுவரை குரைத்தால் கவனம் கிடைத்துவந்த நாய், அது நின்றதும் உடனே அடங்காது. முன்னைவிட அதிகமாக, உரக்க, நீண்ட நேரம் குரைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஓயும். இந்த உச்சத்தில் பொறுமையிழந்து ‘சும்மா இரு’ என்று ஒருமுறை கத்திவிட்டால் போதும்: இவ்வளவு உரக்கக் குரைத்தால்தான் பலன் உண்டு என்று நாய் கற்றுக்கொள்ளும். இந்த உச்சக்கட்டத்தைப் பற்றி முன்கூட்டியே எச்சரிக்காத நிகழ்ச்சி, வளர்ப்பாளரை வழியில் விட்டுவிட்டுப் போய்விடுகிறது. வேறொன்றும் உண்டு: படக்கருவியோடு நான்கைந்து அந்நியர்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் நாயின் நடத்தையே மாறிவிடும். திரையில் நாம் பார்ப்பது அன்றாட நாயை அல்ல, விருந்தினர் முன் நிற்கும் நாயை.

மூன்றாவது வழியான நேரடி உதவியின் மிகப் பெரிய நன்மை பயிற்சி அல்ல, நோயறிதல். இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனியல் மில்ஸும் அவருடைய சகாக்களும் 2020இல் எழுதிய கட்டுரையில், நடத்தைச் சிக்கலுக்காக வல்லுநரிடம் அனுப்பப்படும் விலங்குகளில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கிலாவது ஏதோ ஒரு வலி சம்பந்தப்பட்டிருக்கும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். இடுப்பு மூட்டு வலியோ, பல்வலியோ, காதுப் புண்ணோ உள்ள நாய் தொட்டதும் சீறினால், அதற்குத் தலைமையும் வேண்டாம், தின்பண்டமும் வேண்டாம், மருந்துதான் வேண்டும். தொலைக்காட்சிப் பயிற்சியாளர் யாராக இருந்தாலும், திரைக்கு இந்தப் பக்கம் இருக்கும் நாயின் வயிற்றைத் தொட்டுப் பார்க்க அவரால் முடியாது.

நேரில் போவதிலும் பள்ளங்கள் உண்டு. பெரும்பாலான நாடுகளில் நாய்ப் பயிற்சியாளர் என்று பெயர்ப்பலகை வைக்க எந்தத் தகுதிச் சான்றும் சட்டப்படி தேவையில்லை. ஆகவே தொலைக்காட்சியைப் பார்த்தே தொழில் கற்றவரிடமும் நாம் பணம் கட்டிவிட வாய்ப்பு உண்டு. வேல்ஸ் 2010இல் தடைசெய்துவிட்ட மின்னதிர்வுக் கழுத்துப்பட்டையை, ‘வெறும் கூச்சம்தான், வலிக்காது’ என்று சொல்லி இன்றும் மாட்டிவிடுபவர்கள் இருக்கிறார்கள். நாயை ஒப்படைப்பதற்கு முன் இரண்டு கேள்விகளைக் கேட்டுவிடுவது நல்லது: சொன்னதை நாய் செய்தால் அதற்கு என்ன கிடைக்கும், செய்யாவிட்டால் அதற்கு என்ன நேரும்? இரண்டாவது கேள்விக்கு நேராக விடை சொல்லாதவரிடமும், நாயை விட்டுவிட்டு நீங்கள் வெளியே போங்கள் என்பவரிடமும், இத்தனை நாளில் சரியாகிவிடும் என்று உறுதிமொழி தருபவரிடமும் நான் என் நாயை விடமாட்டேன்.

அப்படியானால் இந்த நிகழ்ச்சிகளைப் பார்க்கவே வேண்டாமா என்றால், பார்க்கலாம். ஓசையை நிறுத்திவிட்டுப் பார்க்கலாம். விளையாட்டாகச் சொல்லவில்லை. ஒலி இல்லாதபோது, பயிற்சியாளரின் விளக்கமும் இசையும் நம் கண்ணை வழிநடத்துவதில்லை. நாயின் காது, வால், எடை முன்காலில் சாய்கிறதா பின்காலிலா என்பதெல்லாம் தெரியத் தொடங்கும். கண்டிப்பு வகை நிகழ்ச்சியை இப்படி அரைமணி நேரம் பார்த்தவர், அந்தச் செய்முறையை வீட்டில் முயல்வார் என்று நான் நினைக்கவில்லை. அந்த அளவில், பின்பற்றத் தகாத நிகழ்ச்சியும் நாயின் உடல்மொழியைக் கற்கும் பாடமாகிவிடும்.

முடிவெடுக்கும்போது சிக்கலின் தன்மைதான் வழிகாட்டவேண்டும். சுமார் மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டு, பதினான்காம் வாரம் வரையிலான பருவம் குட்டி உலகத்தைப் பயமின்றி அறிமுகம் செய்துகொள்ளும் பருவமாதலால், புதிதாகக் குட்டி கொண்டுவந்தவர் நிகழ்ச்சி பார்த்து நாளைக் கடத்தாமல், மருத்துவரின் தடுப்பூசி அறிவுரையோடு ஒரு நல்ல குட்டி வகுப்பில் சேர்ந்துவிடவேண்டும். உட்காரவும் கூப்பிட்டால் வரவும் கற்பிப்பதற்கு வெகுமதி வகை நிகழ்ச்சி துணையாக இருக்கட்டும். சங்கிலியை இழுப்பது, ஆள்மேல் தாவுவது, கவனத்துக்காகக் குரைப்பது ஆகியவற்றுக்கு, திரையில் காட்டிய நாள் கணக்கை வாரக் கணக்காக மாற்றிக்கொள்ள ஆயத்தமாக இருப்பவருக்கு அந்த நிகழ்ச்சிகளே பெரும்பாலும் போதும். என் நாயின் கிண்ணச் சிக்கலும் கடைசியில் அந்த முறையில்தான் தீர்ந்தது, ஆனால் மருத்துவர் ஒருவரின் மேற்பார்வையில். முதல் வாரம் ஏழடி தூரத்தில் நடந்துபோய், அது தின்பதைவிடச் சுவையான ஒரு துண்டைக் கிண்ணத்தருகே எறிந்துவிட்டு நிற்காமல் போய்விடவேண்டும், அவ்வளவுதான். கிண்ணத்தின் அருகே நான் போய் நிற்கையில் அது தலை நிமிர்ந்து வாலை ஆட்ட ஏறக்குறைய மூன்று மாதம் ஆனது.

உறுமல், சீற்றம், கடி என்று வந்துவிட்டால் மட்டும் எந்த நிகழ்ச்சியும் வேண்டாம். முதலில் கால்நடை மருத்துவர், அவர் வலி இல்லை என்று உறுதிசெய்த பிறகு நடத்தை மருத்துவத்தில் தேர்ந்தவர், அப்படி ஒருவர் எட்டும் தூரத்தில் இல்லையென்றால் காணொளி அழைப்பில் ஆலோசனை தருபவர் என்ற வரிசையில் போகவேண்டும். அந்தச் சந்திப்பு கிடைக்கும் வரை கிண்ணத்தைத் தனி அறையில் வைத்து, கதவைச் சாத்தி, நாய் தின்று முடித்து வேறு அறைக்கு வந்த பிறகே கிண்ணத்தை எடுக்கவேண்டும்.